கூரை பார்க்கப்பட்டது

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். அவர் கேட்டது இதை அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மேடம், ஏஐ எழுதின ரிப்போர்ட்டைக் கண்டுபிடிக்கிறதுல நீங்க கில்லாடி. புது ஸ்டாஃபுக்கு ஒரு பத்துக் குறிப்பு எழுதிக் குடுங்க" என்றார். கில்லாடி என்ற சொல்லைக் கேட்டதும் என் முகம் சுருங்கிப்போனது. போனில் பேசியதால் அவருக்குத் தெரிந்திருக்காது.

பத்துக் குறிப்பு என்னிடம் இல்லை. இருபத்தாறு வருடம் உற்பத்திப் பொறியியல் பாடம் எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் மிச்சமிருப்பது ஒரு ஆளைப் பற்றிய நினைப்புதான். அவர் பெயர் ஏழுமலை. குறிப்புக்குப் பதிலாக அவரைத் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

அவரிடம் வருவதற்கு முன் நான் எப்படிக் கில்லாடி ஆனேன் என்று சொல்ல வேண்டும். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

என் பணியின் கடைசி வருடங்களில்தான் ஏஐ நம் கல்லூரிக்குள் நன்றாகக் காலூன்றியது. பகல் வகுப்பின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு வாரம் ஏதாவது ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சி பெற்று அறிக்கை எழுத வேண்டும், உங்களுக்கும் தெரியும். ஒரு மாணவன் மண்ணூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய் வந்திருந்தான். எனக்குத் தெரிந்த பட்டறைதான். தகரக் கூரை, நான்கு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வாசலில் எப்போதும் படுத்திருக்கும் ஒரு நாய். அவன் அறிக்கையில் அந்தப் பட்டறை எங்கேயோ போய்விட்டிருந்தது. பத்து டன் தூக்கும் ஓவர்ஹெட் கிரேன் இருந்தது. தர ஆய்வுக்கூடம் இருந்தது. ஊழியர் நல மையம்கூட இருந்தது.

வாய்மொழித் தேர்வில் அறிக்கையை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கிரேனை யாருப்பா ஓட்டுறாங்க?"

அவன் ஒரு நிமிடம் மின்விசிறியைப் பார்த்தான். "கிரேன் ஆபரேட்டர் அன்னிக்கி லீவு மேடம்."

"ரெண்டு வாரமுமா?"

"அவருக்கு ஜாண்டிஸ் மேடம்."

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் அவனும் சிரித்துவிட்டான். இன்னொரு வாரம் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து, கையாலேயே எழுதிக் கொண்டுவந்தான். அதில் நாய்கூட இருந்தது.

அறிக்கையை மூடி வைத்துக் கேட்பது என் சரக்கு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த துறைத் தலைவர் சொன்னது. வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு சிரிப்பார், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார். "பேப்பரைத் திறந்து வெச்சா நீ பேப்பரோட பேசுவம்மா. மூடி வெச்சாத்தான் ஆளோட பேசுவ" என்பார். அவர் சொன்னதை அன்றைக்குக் கடைப்பிடித்தேன், பலித்தது. பலித்தது எனக்குத் தலைக்கு ஏறியது. அந்த வாரமே பக்கத்துத் துறைக்காரர்கள் அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். "மேடம், இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்பார்கள். நானும் இரண்டு பத்தி படித்துவிட்டு, "இது அதுதான்" என்று சொல்லிவிடுவேன். மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. படித்தாலே தெரிகிறதே, எதற்குக் கூப்பிட வேண்டும் என்ற நினைப்பு.

இனி மாலை வகுப்புக்கு வருகிறேன். நீங்கள் சேர்வதற்கு முன்பே அதை மூடிவிட்டார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள், மாலை ஆறு முதல் ஒன்பது வரை படித்து இன்ஜினியரிங் பட்டம் வாங்குவதற்கான வகுப்பு அது. எல்லோரும் குடும்பஸ்தர்கள். யார் எந்தக் கம்பெனி என்று சட்டை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். வகுப்பில் கூலன்ட் எண்ணெய் வாசம் அடிக்கும். கடைசி பெஞ்சில் ஒருவர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார். கம்பெனி கேன்டீனில் இடைவேளைக்குக் கொடுத்த சமோசாவைத் தின்னாமல் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார்கள். அது ஆறிப்போய் ரப்பராக இருக்கும். அந்த மாதிரி ஒரு சமோசா இப்போது எனக்கு எங்கேயும் கிடைப்பதில்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பது இன்னும் பழகவில்லை.

அவர்களை நான் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். ஏழுமலைக்கு அப்போது முப்பத்தொரு வயது. சேரப்பணஞ்சேரிக்காரர். கார் கதவுக்குத் தகடு அழுத்தும் ஒரு கம்பெனியில் எட்டு வருடமாக மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். மெஷின் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ் வழியில் படித்தவர், ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே கழுத்தைச் சொறிவார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தானாகவே வந்து சொன்னார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. பாடம் புரியலன்னா நான் ஏஐல கேட்டுக்கறேன்."

"புரியுதா?"

"நல்லாவே புரியுது மேடம். உங்ககிட்ட மூணாவது வாட்டி கேக்க வெக்கமா கீது. அது நூறு வாட்டி கேட்டாலும் கோச்சிக்கறது இல்ல. இன்னா ஒண்ணு, நம்ம பேச்சு அதுக்கு வர்ல. 'இன்னா இது'ன்னு கேட்டா முழிக்குது. டிவி நியூஸ் மாதிரி பேசணும். வூட்ல நான் அப்டி பேசறத பாத்துட்டு என் பொண்ணு பயப்படுது."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அவர் சொன்னதை மறந்தும் போனேன். மூன்றாவது முறை என்னிடம் கேட்க ஒரு முப்பது வயது ஆள் வெட்கப்படுகிறார் என்பது என்னைப் பற்றிய செய்தி. அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். நம் மாணவர்கள் பலர் ஏஐயிடம் போவது சோம்பேறித்தனத்தால் இல்லை. எங்கே சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தால். ஆங்கிலத்தில் ஒரு லீவு லெட்டர் எழுத நடுங்குகிறவர்கள் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். எங்கே அது தாங்கிப் பிடிக்கிறது, எங்கே தள்ளிவிடுகிறது என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய நான், மோப்பம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

கடைசி செமஸ்டர். ஏழுமலைக்கு அந்தப் பட்டம் அவசரமாகத் தேவைப்பட்டது. அவர் கம்பெனியில் டெக்னீஷியன்களிலிருந்து இன்ஜினியர் பதவிக்கு ஆள் எடுப்பது வருடத்துக்கு ஒருமுறைதான். நேர்காணல் அன்றைக்குத் தேர்ச்சிச் சான்று கையில் இருக்க வேண்டும், வயது முப்பத்திரண்டு ஆகியிருக்கக் கூடாது. அந்த வருடம் விட்டால் அவருக்கு அதற்கப்புறம் எந்த வருடமும் கிடையாது. அவர் இதை என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

ப்ராஜெக்ட் அறிக்கைகளுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு அறிக்கைக்கும் எதிரே இரண்டு பெட்டி இருக்கும். ஏற்கப்பட்டது, ஐயத்துக்குரியது. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். ஐயத்துக்குரியது என்று போட்டால் அறிக்கை விசாரணைக் குழுவுக்குப் போகும், அந்த மாணவரின் முடிவு நிறுத்தி வைக்கப்படும். கடைசி நாள், மாலை நான்கு மணி கெடு. முந்தைய நாள்தான் கல்லூரி புதிதாக வாங்கியிருந்த மென்பொருளில் எல்லா அறிக்கைகளையும் போட்டுப் பார்த்தோம். மனிதர் எழுதியது என்று அது நினைக்கிற வரிகளை அப்படியே விடும். மெஷின் எழுதியது என்று நினைக்கிற வரிகளைச் சிவப்பாக்கும். ஏழுமலையின் அறிக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு.

திறந்து படித்தேன். அவர் கம்பெனியின் உற்பத்தி லைன் ஆறு மாதத்தில் எப்போதெல்லாம் நின்றது, ஏன் நின்றது என்பதுதான் தலைப்பு. எளிய ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'லைன் நின்றது. சென்சார் பார்க்கப்பட்டது. சென்சார் ஈரமாக இருந்தது. துடைக்கப்பட்டது. லைன் ஓடியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி நின்றது. சென்சார் மறுபடி ஈரமாக இருந்தது. கூரை பார்க்கப்பட்டது. கசிவு காணப்பட்டது. கசிவு அடைக்கப்பட்டது. லைன் ஓடுகிறது.'

நாற்பது பக்கமும் இதே நடை. எல்லா வாக்கியமும் ஒரே அளவு. 'நான்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. கோபம் இல்லை, களைப்பு இல்லை, பெருமை இல்லை. இதில் மனுஷனே இல்லையே என்று நினைத்தேன். அவர் ஏஐ பயன்படுத்துகிறார் என்று அவர் வாயாலேயே சொன்னது வேறு அப்போது பார்த்து ஞாபகம் வந்தது.

ஆனாலும் நான் நியாயவாதி அல்லவா? கூப்பிட்டுக் கேட்போம் என்று நினைத்தேன். அன்றைக்கு அவருக்கு முதல் ஷிப்ட். கம்பெனி கேட்டுக்குள் போன் எடுத்துப்போக முடியாது, லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். இதெல்லாம் தெரிந்தவள் நான். அதனால் ஷிப்ட் முடியும் இரண்டரை மணி வரை காத்திருந்தேன். இரண்டே முக்காலுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்று மணிக்குச் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றரைக்கும் எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் எடுக்காதவர் வேண்டுமென்றேதான் எடுக்காமல் இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மூன்று ஐம்பதுக்கு இரண்டாவது பெட்டியில் டிக் போட்டேன். போட்டுவிட்டு டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

அடுத்த அறிக்கை முத்துக்குமாருடையது. தென்காசிக்காரர், ஏழுமலைக்கு நான்கு வயது சின்னவர், அதே கம்பெனி. அங்கங்கே எழுத்துப்பிழை, ஒரு இடத்தில் 'சூப்பர்வைசர் திட்டியதில் எனக்குத் தூக்கமே வரவில்லை' என்று ஒரு வரி. மென்பொருள் அதைத் தொடவே இல்லை. மனசுக்கு இதமாக இருந்தது, முதல் பெட்டியில் போட்டேன்.

ஆறரை மணிக்கு ஏழுமலை வந்தார். சட்டை முன்பக்கம் முழுக்க ஹைட்ராலிக் எண்ணெய். குளிக்காமல் நேராக வந்திருக்கிறார்.

"மேடம், மூணு மிஸ்டு கால் கீது. இன்னா மேடம், எதுனா பிராப்ளமா?"

சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"அது எழுதலியே மேடம். நான்தான் எழுதினேன்."

"ஒரு இடத்துலயாவது 'நான்'னு வந்திருக்கா ஏழுமலை?"

"கம்பெனில அப்டி எழுதக் கூடாது மேடம். மெஷின் நின்னா ஷிப்ட் ரெஜிஸ்டர்ல எழுதணும் இல்ல, அதுல 'நான்' வரக் கூடாது, 'அவன்' வரக் கூடாது. யாரு பண்ணாங்கன்னு எழுதினா சண்ட வரும். இன்னா ஆச்சு, ஏன் ஆச்சு, அதான் வரணும். ட்ரெய்னிங்லயே அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்கோ. எட்டு வருஷமா அப்டித்தான் எழுதினு கீறேன்."

"அந்த ரெஜிஸ்டரைக் காட்டுங்க."

"கேட்ட தாண்டி ஒரு பேப்பர் வெளிய எடுத்தார முடியாது மேடம். போட்டோவும் எடுக்க முடியாது. நீங்க வந்து பாருங்க. நான் பாஸ் போட்டுத் தரேன். நாளைக்கே வாங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று காட்டுவதற்காகப் பார்த்தேன். அவர் அதற்குப் பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "பாடத்துக்கு அதக் கேப்பேன் மேடம், இல்லன்னு சொல்லல. ரிப்போர்ட்டுக்குக் கேக்க மாட்டேன். நான் பொய்யா ஒரு வரி எழுதி வெச்சா, அத நம்பி அடுத்த ஷிப்ட்ல எவனாவது உள்ள கைய வுடுவான். கை போயிடும்."

"இப்ப என் கையில இல்ல ஏழுமலை. கமிட்டி பாத்துக்கும்."

அவர் சரி என்றார். வகுப்பில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, நான் நடத்திய பாடத்துக்கு ஒன்பது மணி வரை குறிப்பெடுத்தார். அதற்கப்புறம் அவரை வகுப்பில் நான் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மற்றவர்களுக்கு முடிவு வந்தது. முத்துக்குமார் இனிப்போடு வந்தார். இனிப்பைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மேடம், ஒரு விசயம் சொல்லணும். வைய மாட்டீங்கள்லா?"

"சொல்லுங்க."

"என் ரிப்போர்ட் நான் எழுதல. ஏஐதான் எழுதுச்சு. அப்புறம் அதுகிட்டயே சொன்னேன், மனுசன் எழுதுன மாதிரி மாத்து, நாலு தப்பு போடு, கொஞ்சம் கவலைப்பட்ட மாதிரி எழுதுன்னு. தூக்கம் வரலன்னு அதுதான் எழுதுச்சு. நான் நல்லா தூங்குதேன் மேடம்." குரல் உடைந்தது. "ஏழுமலை அண்ணன் ஞாயித்துக்கிழமை எல்லாம் பேனாவும் பேப்பருமா உக்காந்து எழுதுனாரு. நான் கண்ணால பாத்தேன். ஒரே கம்பெனி பஸ்ல போறோம், எதுக்கால உக்காந்துருக்காரு. ஒரு வார்த்தை என்னைய காட்டிக் குடுக்கல. எனக்கு அந்த பஸ்ல ஏறவே முடியல மேடம்."

மறுநாள் காலை விடுப்புப் போட்டுவிட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் என் போனையும் லாக்கரில் வைத்தார்கள். ஏழுமலை அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், அதனால் அவர் இல்லை. சூப்பர்வைசர் ஒரு இளைஞர், தடிமனான ரெஜிஸ்டர்கள் இரண்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். திறந்தேன். நீல பால்பாயின்ட் பேனா, சாய்ந்த கையெழுத்து. 'லைன் நின்றது. பெல்ட் பார்க்கப்பட்டது. பெல்ட் கிழிந்திருந்தது. மாற்றப்பட்டது. லைன் ஓடுகிறது.' பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அறிக்கையில் இருந்த, கூரை கசிந்த மழை நாள் அதே வார்த்தைகளில் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் சென்சாரைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணாந்து கூரையைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். அதையும் 'நான் பார்த்தேன்' என்று எழுதாமல், 'கூரை பார்க்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தார்.

பிறகு நான் டிக் போட்ட தேதியைத் தேடினேன். முதல் ஷிப்ட் முடியும் நேரத்தில் தகடு அழுத்தும் பிரஸ் நின்றிருக்கிறது. 'ஹைட்ராலிக் குழாய் வெடித்தது. லைன் நிறுத்தப்பட்டது. அடியில் இறங்கிப் பார்க்கப்பட்டது. குழாய் மாற்றப்பட்டது. மாலை 4.40, லைன் ஓடுகிறது.' நான் மூன்று முறை போன் அடித்தபோது அவர் அந்த மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறார். போன் லாக்கருக்குள் கிடந்து அடித்திருக்கிறது.

ஷிப்ட் இரண்டரைக்கு முடியும் என்பது எனக்குத் தெரியும். மெஷின் நின்றால் மெயின்டனன்ஸ்காரருக்கு ஷிப்ட் முடியாது என்பதும் தெரியும். இருபத்தாறு வருடம் அந்தப் பாடத்தைத்தான் எடுத்திருக்கிறேன்.

அங்கிருந்து நேராகக் கல்லூரிக்குப் போய், என் கணிப்பு தவறு என்று விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். நானே நேரில் போய் மூன்று பேர் முன்னால் நின்று சொன்னேன். ஒருவர் கேட்டார், "மென்பொருள் சிவப்பு காட்டியிருக்கே, நீங்க எதை வெச்சு இல்லன்னு சொல்றீங்க?" "ரெஜிஸ்டரை வெச்சு" என்றேன். அறிக்கை ஏற்கப்பட்டது. தேர்ச்சிச் சான்று வந்தது. அது வருவதற்குப் பதினேழு நாள் முன்பே அவர் கம்பெனியில் நேர்காணல் முடிந்திருந்தது.

சான்றை என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு அவர் வருவார் என்று காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு அலுவலகத்திலிருந்து வந்து, அங்கேதான் வழங்க வேண்டும் என்று வாங்கிப் போய்விட்டார்கள். ஒருநாள் நான் தேர்வுப் பணிக்காக வேறு கல்லூரிக்குப் போயிருந்தபோது அவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போயிருக்கிறார். நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்தாரா, ஷிப்ட் அப்படி அமைந்ததா, தெரியாது. இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் லாக்கரில் இருந்தது என்று வைத்துக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு வாலாஜாபாத்தில் வீடு. போன ஆனி மாதம் ஒரு நண்பகல், பல்பு வாங்க எலக்ட்ரிகல் கடைக்குப் போனால், கடை முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு ஏழுமலை நிற்கிறார். கையில் மோட்டார் பம்பு வால்வு. அப்பாவின் நிலத்து மோட்டாருக்காம். முன்நெற்றியில் கொஞ்சம் முடி போயிருந்தது. என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"மேடம்! நல்லா கீறீங்களா?"

"மன்னிச்சிடுங்க ஏழுமலை" என்றேன். மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"அய்யய்ய, இன்னா மேடம் நீங்க, ரோட்ல நின்னுக்கினு. வுடுங்க."

"அதே லைன்தானா?"

"அதே லைன்தான். அதே பிரஸ்தான்."

"அந்த ரெஜிஸ்டர்?"

"அது இப்ப இல்ல மேடம். கம்பெனியே டேப்லெட் குடுத்துட்டான். இன்னா ஆச்சுன்னு வாயால சொன்னா போதும், ஏஐ முழுசா எழுதிக்கிது. நல்லா பெருசா எழுதுது. மேனேஜர் படிச்சிட்டு ஏழுமலை சூப்பரா எழுதறான்றாரு." சிரித்தார். "அப்ப நானா எழுதினேன், நீங்க அது எழுதினதுன்னீங்க. இப்ப அது எழுதுது, எல்லாரும் நான் எழுதினதுன்றாங்கோ."

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"கையால எழுதறதே இல்லையா?"

"எதுக்கு மேடம்? லீவு லெட்டர்கூட அதான். சந்தேகம் வராது பாருங்க."

"என் மேல கோபம் இருக்கா?"

அவர் வால்வைத் திருகிப் பார்த்தார். கொஞ்ச நேரம் திருகினார். "இருந்துச்சு மேடம். நெறைய இருந்துச்சு" என்றார். பிறகு மணியைப் பார்த்தார். "ரெண்டாவது ஷிப்டு, போணும். வூட்டுக்குப் போய் எல்லாம் எழுதி அனுப்பறேன். உங்க நம்பர் அதேதான?"

மறுநாள் காலை செய்தி வந்தது.

'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்களை எதிர்பாராத விதமாகச் சந்தித்தது எனக்கு அளவற்ற மகிழ்ச்சியை அளித்தது. கடந்த காலத்தில் நிகழ்ந்தவை எனக்கு மதிப்புமிக்க பாடங்களாக அமைந்தன. தங்களின் வழிகாட்டுதலுக்கு என்றென்றும் நன்றியுடையவனாக இருப்பேன்.'

மூன்று முறை படித்தேன். ஒரு குறையும் இல்லை. நெறைய இருந்த கோபம் அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் எனக்குச் சேர வேண்டியது, எனக்கு வேண்டும். வாலாஜாபாத் தெருவில் வால்வைத் திருகிக்கொண்டு நின்றவர் என்னைத் திட்டி நான்கு வரி எழுதியிருந்தால் அதைப் பொக்கிஷமாக வைத்திருப்பேன். இதை நீங்கதான் எழுதினீங்களா ஏழுமலை என்று கேட்க விரல் போனது. கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் ஒருமுறை கேட்டவள் நான். இரண்டாவது முறை கேட்கும் உரிமை எனக்கில்லை. 'நன்றி ஏழுமலை' என்று மட்டும் அனுப்பினேன்.

இளையவர்களே, அந்த இரண்டு பெட்டி உங்களுக்கும் வரும். கெடுவும் வரும், மென்பொருள் இன்னும் அழகாகச் சிவப்பு காட்டும். ஆள் வந்து எதிரே உட்காரும் வரை டிக் போடாதீர்கள். வர முடியாத இடத்தில் இருந்தால் நீங்கள் போங்கள். என்னிடம் பஸ் வசதி இருந்தது, பாஸ் போட்டுத் தர ஆள் இருந்தார், ஒரு நாள் அவகாசம் கேட்டிருந்தால் பல்கலைக்கழகமும் கொடுத்திருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவருடைய அறிக்கையின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன். மனுஷனே இல்லை என்று நான் நினைத்த அந்த நாற்பது பக்கத்திலும் இப்போது அவர்தான் தெரிகிறார், அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

இந்த ஐப்பசியில் மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஒரகடம் பக்கம் இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்க்கிறேன். நீளமாக எதுவும் வேண்டாம். கூரை பார்க்கப்பட்டது, கசிவு இல்லை என்று இரண்டு வரி வந்தால் போதும். அவர் எழுதியதுதான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.